கோபுரம் கட்டுமுன் ஒரு நோட்டுப் புத்தகம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் 22 புனித செசிலியாவின் திருநாள். இசைக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை கொண்டாடும் மறைசாட்சி. இந்த நாளில் பல பங்குகளில் பாடகர் குழுவினர் சிறப்புத் திருப்பலி வைப்பார்கள். முடிந்ததும் பிரியாணி இருக்கும், குழுப் புகைப்படம் இருக்கும். சென்ற ஆண்டு இதே நாளில் நம் பங்கின் பாடகர் குழுவுக்குத் தாலந்து உவமையை எடுத்துப் பிரசங்கம் வைத்தோம். ஒரு தாலந்தை வாங்கிக்கொண்டு போய் மண்ணில் புதைத்தானே, அந்தப் பணியாளனைப் போல இருந்துவிடாதீர்கள், கடவுள் கொடுத்த திறமையைப் புதைக்காதீர்கள் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னோம். எல்லாருக்கும் பிடித்திருந்தது. நமக்கும்தான்.

இரண்டு மாதம் கழித்து, ஜனவரி கடைசி ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்ததும் ஒரு கணவனும் மனைவியும் பங்கு அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் நம் கோயிலில் கீபோர்டு வாசிப்பவர். வயது 37. மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக வேலை. மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். இரண்டு பிள்ளைகள், 9 வயதும் 5 வயதும். கணவரின் தாயாரும் அவர்களோடு இருக்கிறார்.

“ஃபாதர், வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். மார்ச் சம்பளத்தோட சரி. இனிமே முழுநேரமும் மியூசிக்தான். நீங்க அன்னிக்கு வச்ச பிரசங்கம் எனக்காகவே வச்ச மாதிரி இருந்துச்சு” என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மனைவி எதுவும் பேசவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

உண்மையைச் சொல்கிறோம், நமக்குத் திக்கென்றது. பீடத்தில் நின்று சொல்கிற வார்த்தை ஒரு வீட்டின் அரிசிப் பானை வரைக்கும் போகும் என்று நாம் அன்று யோசிக்கவில்லை. குருக்களாகிய நமக்கு வாடகை கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடு பங்கு இல்லத்தில் வந்துவிடுகிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நம் கவலை அல்ல. இப்படி இருந்துகொண்டு, கடவுளை நம்பி இறங்குங்கள் என்று சொல்வது நமக்கு எளிது. சொன்னதன் செலவைக் கட்டுவது வேறு ஒரு குடும்பம்.

அன்று அவரிடம் வேலையை விடுங்கள் என்றும் சொல்லவில்லை, விடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வாருங்கள் என்றோம். அந்த நோட்டில் என்ன எழுதப்பட்டது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். அவர்கள் இருவரும் சம்மதித்த பிறகே பேசுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதலில் தாலந்தைப் பற்றி நாம் அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட வேண்டும். தாலந்து என்பது ஆண்டவர் காலத்தில் திறமையின் பெயர் அல்ல, பணத்தின் அளவு. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 20 ஆண்டுச் சம்பளம்! அந்த உவமையின் நல்ல பணியாளர்கள் இருவரும் அவ்வளவு பெரிய தொகையை வைத்து வாணிபம் செய்து, தலைவர் திரும்பி வந்தபோது கணக்கை ஒப்படைத்தவர்கள். கணக்குத் தெரியாமல் அது நடந்திருக்காது. லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட விரும்புகிறவனைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார் அல்லவா? அவன் முதலில் செய்ய வேண்டியது உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவது. அவர் அதைச் சொன்னது சீடத்துவத்தைப் பற்றி. ஆனாலும் அடித்தளம் போட்டுவிட்டு மேலே கட்ட முடியாமல் நிற்கிற வீடுகளைப் பார்த்தவர் அவர். தச்சருடைய வீட்டில் வளர்ந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

நோட்டுக்கு வருவோம். முதல் பக்கத்தில் மாதச் செலவு. வாடகை 9,500. மளிகை, காய்கறி, பால், காஸ் எல்லாம் சேர்ந்து 11,000. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 84,000, அதாவது மாதம் 7,000. பைக் தவணை 3,200. நகைக்கடன் வட்டி 1,500. சீட்டு 5,000. மின்சாரம், போன், இணையம் 2,300. அம்மாவின் மருந்து 1,800. பெட்ரோல், பஸ் 3,000. மொய், திருவிழா வரி, துணிமணி, வந்துபோவோர் செலவு என்று 3,000. மொத்தம் 47,300. வரவோ அவருடைய சம்பளம் கைக்கு 34,000, அவர் மனைவியின் சம்பளம் 17,000, ஆக 51,000. மிச்சம் 3,700.

நகைக்கடன் எதற்கு என்று கேட்டோம். கணவர் சற்றுத் தயங்கினார். இரண்டு ஆண்டுக்கு முன் புதிய கீபோர்டும் கணினியும் ஸ்பீக்கரும் வாங்க மனைவியின் நகையை அடகு வைத்து 1,50,000 வாங்கியிருக்கிறார்கள். அசல் அப்படியே இருக்கிறது. வட்டி மட்டும் போகிறது. அவருடைய இசைக்கு யார் ஏற்கெனவே காணிக்கை போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் மேசைமேல் வந்தது. அந்த அம்மா கைப்பையின் ஜிப்பை மூடிவைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன்பின் நோட்டு அவர் கையில்தான் இருந்தது.

அடுத்த பக்கம், வேலையை விட்ட பிறகு எவ்வளவு வேண்டும் என்பது. கடன்கள் முடிந்து, சீட்டும் முடிந்துவிட்டால் 9,700 குறையும். அப்போது குறைந்தபட்சச் செலவு 37,600. மனைவியின் 17,000 போக, 20,600 வேண்டும். அவ்வளவுதான் என்று கணவர் கோடு போடப் போனார். இல்லை, சம்பளச் சீட்டில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரவுகள் உண்டு. ஒன்று, நிறுவனம் எடுத்துக் கொடுத்திருக்கும் குழு மருத்துவக் காப்பீடு. வேலை போனால் அதுவும் போகும். நால்வருக்கு நாமாக ஒரு பாலிசி எடுக்க மாதம் 2,500 ஒதுக்க வேண்டும் என்று வைத்தார்கள். மற்றொன்று, வருங்கால வைப்பு நிதி. இனி நிறுவனம் தன் பங்கைப் போடாது. அதற்குப் பதிலாகத் தானே மாதம் 1,500ஆவது முதுமைக்கென்று போட வேண்டும். ஆக, இசை கொண்டுவர வேண்டியது மாதம் 24,600.

இந்த எண் கிடைத்தபோது பாதி வேலை முடிந்தது என்றே சொல்லலாம். அதுவரை அந்த வீட்டில் நடந்த பேச்சு முழுவதும் தைரியம் இருக்கிறதா இல்லையா, நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதாகவே இருந்திருக்கிறது. தைரியம் இல்லை என்று மனைவியைக் கணவர் சொல்ல, பொறுப்பு இல்லை என்று கணவரை மாமியார் சொல்ல, இரண்டு வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். 24,600 ரூபாய் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

மூன்றாம் பக்கம்தான் கடினமானது. கடந்த 12 மாதத்தில் இசையால் உண்மையில் எவ்வளவு வந்தது? கணவர் டிசம்பரை நினைத்துக்கொண்டு பேசினார். டிசம்பரில் கேரல், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள், ஒரு ரெக்கார்டிங் என்று 38,000 வந்திருந்தது. அந்த வேகத்தில்தான் ஜனவரியில் நம்மிடம் வந்தார். ஆனால் இசைக்காரரின் ஆண்டு டிசம்பர்களால் ஆனது அல்ல. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நம் கோயில்களில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்து சகோதரர்கள் வீட்டில் திருமணம் இல்லை. மழைக்காலத்தில் திறந்தவெளிக் கச்சேரி நம்ப முடியாது. பழைய டைரி, போனில் வந்த பணச் செய்திகள், கூகுள் பே பட்டியல் எல்லாவற்றையும் வைத்து இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார்கள். நிகழ்ச்சி, ரெக்கார்டிங் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 94,800. அதில் 52,000 டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்தில் வந்தது. தவக்காலத்தில் ஒரு ரூபாய் இல்லை. சனி, ஞாயிறு கீபோர்டு வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், ஆளுக்கு மாதம் 900, பதினோரு மாதத்துக்கு 79,200. மொத்தம் 1,74,000. கேபிள், பழுது, ஸ்டுடியோ வாடகை, கூட வாசிப்பவர்களுக்குக் கொடுத்தது, ஆட்டோ என்று 30,000 கழித்தால் 1,44,000. மாதத்துக்கு 12,000.

“இந்த 12,000 எங்கே போச்சு?” என்று கேட்டோம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கைக்கு ரொக்கமாக வருகிற பணம் பல வீடுகளில் இப்படித்தான் கரைகிறது.

24,600 வேண்டும், 12,000 இருக்கிறது, 12,600 குறைகிறது. முழுநேரம் ஆகிவிட்டால் வார நாள் மாலைகளிலும் வகுப்பு எடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு 900 என்றால் இன்னும் 14 பிள்ளைகள் போதும் என்று கணவர் சட்டென்று சொன்னார். மனைவி பேனாவைக் கீழே வைக்காமல், “மே மாசம் கிளாஸ் கிடையாதே” என்றார். மறுபடி கணக்கு. ஒரு பிள்ளையால் ஆண்டுக்கு 9,900 தான் வரும். ஆண்டுக்குக் குறைவது 1,51,200. பதினைந்து பிள்ளைகள் போதாது, 16 வேண்டும். வேலையை விடலாமா என்று கேட்டு வந்தவர்கள், 16 பிள்ளைகள் கிடைப்பார்களா என்ற கேள்வியோடு வீட்டுக்குப் போனார்கள். முதல் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு, நம் தெருக்களில் தேடினால் பதில் கிடைக்கும்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: “24 பிள்ளைகளுக்கு ஸ, ரி, க சொல்லிக்கொடுக்கத்தான் வேலையை விடுகிறாரா? அவருக்கு இசையமைப்பாளராக அல்லவா ஆசை?” கணவரே இதைக் கேட்டார். கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டார். நாம் சொன்ன பதில் இது: இப்போது காலை 6.30க்கு நிறுவனப் பேருந்து ஏறுகிறீர்கள், மாலை 6க்கு இறங்குகிறீர்கள். வேலையை விட்டால் வகுப்பு மாலையில். காலை முதல் பிற்பகல் வரை நேரம் உங்களுடையது. நீங்கள் சம்பளத்தைக் கொடுத்து வாங்குவது அந்தக் காலை வேளையைத்தான். வகுப்பு அதற்குக் காவல். தூய பவுல் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார் என்று திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். கூடாரத் துணி தைத்ததால் அவருடைய அழைத்தல் குறைந்துவிடவில்லை.

ஓவியம் வரைகிறவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள், கதை எழுதுகிறவர்கள், கோயில்களுக்கு மரத்தில் சுரூபம் செதுக்குகிறவர்கள் நம் பங்குகளில் இருக்கிறீர்கள். உங்கள் கணக்கு வேறாக இருக்கும். மாதாமாதம் வரக்கூடிய சிறு வரவு எது, எப்போதோ வரும் பெரிய வரவு எது என்று பிரித்து எழுதுகிற முறை மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

பிறகு, எப்போது விடுவது? மார்ச் என்றவர் சீட்டு முடியும் வரை பொறுக்க ஒத்துக்கொண்டார். அது 1,00,000 ரூபாய் சீட்டு, இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. இடையிலேயே தள்ளி எடுத்து ஒரு நல்ல மைக் வாங்கலாம் என்று நினைத்திருந்தார். தள்ளி எடுத்தால் கழிவு எவ்வளவு போகும் என்று நோட்டில் எழுதியதும் அந்த ஆசை போய்விட்டது. பைக்குக்கு ஏழு தவணைதான் இருந்தது, தானாகவே முடியும். இந்த ஒன்பது மாதத்தில் இசைப்பணம் 12,000ஐயும் மிச்சம் 3,700ஐயும் தொடாமல் வைத்தால் 1,41,300. நகையை மீட்க இன்னும் 8,700 தேவைப்படும், அவ்வளவுதான். முதலில் நகை, பிறகுதான் ராஜினாமா என்பதில் நாம் பிடிவாதமாக இருந்தோம். இதைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டா என்று தெரியாது, சொல்லிவிட்டோம்.

ஐந்து ஆண்டுக்குமேல் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். அவருக்கு அது 18,000. பதினோரு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,14,000 வரும். இதையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்தால் 2,14,000. காப்பீடும் முதுமைச் சேமிப்பும் சேர்ந்த அவர்களுடைய மாதச் செலவு 41,600. அப்படியானால் ஒரு பைசா வராவிட்டாலும் ஐந்து மாதம் வீடு நடக்கும். அந்தப் பணம் வங்கி வைப்பில் இருக்கட்டும், யாருக்கும் கைமாற்றாகக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மைத்துனருக்குக்கூடக் கிடையாது என்று மனைவி தனியாக ஒரு வரி சேர்த்தார். யாருடைய மைத்துனர் என்று நாம் கேட்கவில்லை.

வருங்கால வைப்பு நிதியில் இருப்பதை எடுத்து ஸ்டுடியோ போடலாம் என்ற எண்ணமும் இருந்தது. எடுக்க வேண்டாம் என்றோம். 2024-25ஆம் ஆண்டுக்கு அதற்கு 8.25 சதவீதம் வட்டி. மேலும், 10 ஆண்டுப் பணி முடித்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. இவர் 11 ஆண்டு முடித்துவிட்டார். சிறு தொகைதான், ஆனால் கலைஞனுக்கு 58 வயதில் மாதாமாதம் வரும் எந்தத் தொகையும் சிறிது அல்ல.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலையை விட்ட பிறகு பாலிசி எடுக்கலாம் என்று இருக்கக்கூடாது. புதிய பாலிசியில், விபத்தைத் தவிர, முதல் 30 நாளுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரும். ஆகவே வேலையில் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும். குழு பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. இவர்கள் அதைத் தாண்டுகிறார்கள். நால்வருக்கான பாலிசி சரி, 68 வயதில் சர்க்கரை நோயோடு இருக்கும் அம்மாவுக்கு என்ன செய்வது? தனியாகக் கேட்டால் பிரீமியம் மிக அதிகம். இதற்கு நோட்டில் இன்னும் விடை இல்லை, கேள்விக்குறிதான் இருக்கிறது. “பெரிய ஆஸ்பத்திரி இருக்கு சாமி, என்னைப் பத்திக் கவலைப்பட வேணாம்” என்று அந்தத் தாயார் சொல்கிறார். அப்படிச் சொல்லும் தாயைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

டிசம்பர் பணத்தை என்ன செய்வது? யோசேப்பு எகிப்தில் என்ன செய்தார்? செழிப்பான ஏழு ஆண்டில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். அதையே இந்த வீட்டின் அளவுக்குச் செய்தோம். இசையால் வருவது அனைத்தும் தனி வங்கிக் கணக்கில் போக வேண்டும். மாதம் முதல் தேதி அதிலிருந்து 24,600 மட்டும் வீட்டுக் கணக்குக்கு வர வேண்டும். தனக்குத் தானே சம்பளம் கொடுப்பது! டிசம்பரில் எவ்வளவு வந்தாலும் அவ்வளவுதான், தவக்காலத்தில் எதுவும் வராவிட்டாலும் அவ்வளவுதான். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள் என்றும் சொன்னோம். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கியில் நாளை அதுதான் அத்தாட்சி.

அன்பார்ந்தவர்களே, மகாகவி பாரதி மறைந்தது 1921இல். முப்பது ஆண்டு கழித்து, 1951இல், அவருடைய மனைவி செல்லம்மா திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றி உரையாற்றினார். ஒரு கவிஞனுக்கு மனைவியாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. கணவர்மேல் இருந்த மதிப்பையும் குறைத்துக்கொள்ளவில்லை. நாடு பாட்டைக் கேட்டது, அடுப்பைப் பார்த்தவர் அவர். அரிசியைக் குருவிக்கு இறைத்த கதையை நாம் ரசித்துச் சொல்கிறோமே, அந்த அரிசியைப் பெற அந்த அம்மா என்ன பாடுபட்டார் என்று யோசித்ததுண்டா? கலைக்குத் துணிகிறவர் ஒருவர். அந்தத் துணிச்சலுக்கு ஈடாக நிற்பவர்கள் வேறு சிலர். ஈடாக நிற்பவரைக் கேட்காமல் ஈடு வைக்கக்கூடாது.

வேலையை விடாமலே செய்தவர்களும் நமக்கு உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்கர். முன்சீப்பாக நீதிமன்றத்தில் அமர்ந்தவர். 1859இல் அவருடைய நீதிநூல் வெளிவந்தபோது அரசுப் பணியில்தான் இருந்தார். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல், ஓய்வு பெற்ற பின் அச்சானது. கணக்குப் போட்டுப் பார்த்து, இப்போது முடியாது என்று தெரிந்தால் அது தோல்வி என்று எண்ணுகிறவர்களுக்காக இவரைச் சொல்கிறோம்.

இனி நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் பக்கத்தை எழுதும்போது டிசம்பர் வரிசையில் மனைவி ஒவ்வொன்றாக வாசித்தார்: ஒரு கல்லூரி நிகழ்ச்சி 6,000, ஒரு நிறுவன விழா 8,000. அடுத்து, “நம்ம கோயில், மூணு ராத்திரி கேரல், நடுச்சாமப் பூசை, 2,000” என்றார். ஒரு சால்வையும் உண்டு. சால்வைக்கு நோட்டில் இடம் இல்லை. நமக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கோயில் வேலைதானே, ஆண்டவருக்குச் செய்வதுதானே என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பந்தல்காரரிடமும் மைக்செட் காரரிடமும் அப்படிச் சொல்வதில்லை. காணிக்கையாகத் தருவதும் தராததும் தருகிறவரின் விருப்பம்; நாமே அதைக் காணிக்கை என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர். வேலையாள் தன் கூலிக்கு உரியவர் என்பது ஆண்டவரின் போதனை. திறமையைப் புதைக்காதே என்று பிரசங்கம் வைத்த பங்கே அந்தத் திறமைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தது.

வெளியிலும் இது உண்டு. ஜூன் மாதம் ஒருவர் எட்டுப் பக்திப் பாடல்களுக்கு இசையமைத்துத் தரக் கேட்டார். 15,000 ரூபாய், எல்லா உரிமையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடல் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுத்து எழுதினாலும் செல்லாது என்று சொல்கிறது. இதை எடுத்துச் சொன்னதும் வந்தவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் போய்விட்டார். நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஆகஸ்டில் வேறொருவர் வந்தார். பாதி முன்பணம், எழுத்தில் ஒப்பந்தம், ஐந்து பாட்டு. தொகை குறைவுதான்.

இப்போது நிலைமை என்ன? ஜூலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கும் மற்றதற்கும் 1,80,000 ஆயிற்று. கணவரின் நிறுவனக் காப்பீட்டில் 1,50,000 கிடைத்தது. மீதி 30,000மும் அதற்குப் பிறகான செலவும் நகைக்கென்று வைத்த பணத்திலிருந்து போயின. நகைக்கடனில் இன்னும் 55,000 நிற்கிறது. சீட்டு அக்டோபரில் முடிந்தது, பணம் வைப்பில் இருக்கிறது. வேலை முடித்து வந்து வாரத்தில் மூன்று நாள் இரவு 7 மணிக்கு வகுப்பு எடுக்கிறார். வீட்டுக் கூடத்தில் அம்மாவின் கட்டில் இருப்பதால் பிள்ளைகளுக்கு உட்கார இடமில்லை. நம் மறைக்கல்வி அறையைக் கொடுத்திருக்கிறோம். அதற்கு மாதம் 500 ரூபாய் வாங்குகிறோம். இலவசமாகக் கொடுக்கலாமே என்று பங்குப் பேரவையில் சிலர் கேட்டார்கள். இலவசமாகக் கொடுத்தால் டிசம்பரில் அவரும் இலவசமாக வாசிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றிவிடும், அதனால்தான்.

பதினாறில் 11 பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அவர் இன்னும் ராஜினாமா செய்யவில்லை. சில நாள் முகம் வாடித்தான் வருகிறார். தூக்கம் போதவில்லை என்கிறார். இப்படியே வயது 40 ஆகிவிடுமோ என்று ஒருநாள் கேட்டார். ஆகலாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அவர்களிடம் இப்போது தேதி இல்லை. இரண்டு எண்கள் இருக்கின்றன: இன்னும் ஐந்து பிள்ளைகள், 55,000 ரூபாய். தாயார் எழுந்து சுவரைப் பிடித்து நடக்கிறார்.

இந்த நோட்டில் இருப்பது போன்ற மூன்று பக்கங்களை நகலெடுத்துப் பங்கு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் இரண்டாம் திருப்பலிக்குப் பின் வாங்கிக்கொள்ளலாம். கணவன் மனைவி இருவருமாக வாருங்கள்.

இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குப் பதிலுரைப் பாடல் அவர் இசையமைத்தது. பயிற்சி தொடங்கிவிட்டது. அதற்கும் மூன்று இரவு கேரலுக்கும் சேர்த்து ஒரு பில் வந்திருக்கிறது. எழுத்து அவர் மனைவியுடையது. நிதிக்குழுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை.